துரை குடித்த பீரும் தோட்டத்துக் கள்ளும்

பேல் ஏல் என்னும் வெளிறிய பீர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மதராசுக்கு வந்துவிட்டது. லண்டன் போ பகுதியில் ஹாட்சனின் ஆலையிலிருந்து கப்பலேறிய சரக்கு அது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் கம்பெனிகள் அந்தச் சந்தைக்குள் நுழைந்தன. ஆப்பிரிக்க முனையைச் சுற்றிவரும் மாதக்கணக்கான பயணத்தைத் தாங்க ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகப் போட்டார்கள். இந்தியாவுக்கென்றே கண்டுபிடித்த பீர் என்பதெல்லாம் பிற்பாடு கட்டிய கதை. கறுப்பு போர்ட்டரும் கூடவேதான் வந்தது, அது சிப்பாய்களுக்கு. பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்கு. பெயரில் இந்தியா ஒட்டிக்கொண்டதே தவிர, இந்தியனுக்கு யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

அதே மதராஸ், நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்துதான் நம் ஆட்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ஆயர் குரோவுக்குப் பக்கத்து புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் ரப்பர் நட்டார். பிறகு மலாக்கா முழுக்கத் தோட்டங்கள். துரைக்குக் கிளப்பில் விஸ்கியும் ஜின்னும் பாட்டில் பீரும். லயத்து ஆளுக்குக் கள். கள்ளைக் கப்பலில் கொண்டுவர முடியாது. இறக்கியதுமே புளிக்க ஆரம்பித்துவிடும், மறுநாள் காடி. அதனால் தென்னையும் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே வந்தன. சம்பளம் கொடுத்த நிர்வாகமே அதில் ஒரு பங்கைச் சாயங்காலம் திரும்ப வசூலித்துக்கொண்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். பேல் ஏலின் கசப்பு மிளகாய்க் காரத்தை அடக்காது, கிளறிவிடும். பொரித்த மீன், வறுத்த கடலை மாதிரி உப்பும் எண்ணெயும் உள்ளதற்குத்தான் அது பொருத்தம். நாக்கிலிருக்கும் பிசுக்கைக் கழுவிவிடும். கள் வேறு ரகம். மிச்சமிருக்கும் இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு கருவாட்டு உப்போடு சேரும். என்னைக் கேட்டால், காரக் கறிக்குக் கள்தான் மேல். மிளகாய் தூக்கலாய் வறுத்த நெத்திலி, அவித்த கொண்டைக்கடலை, அகப்பட்டால் காட்டுப்பன்றி வறுவல். "தொட்டுக்க என்னா இருக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பதில் சொல்ல வேண்டியவள் அடுப்படியில் இருந்தாள். விடியற்காலையில் அவளும் பால் வெட்டப் போனவள்தான். பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்த நெத்திலிதான் பல வீடுகளில் கள்ளுக்குத் துணையாகப் போயிருக்கும்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதன் நாடுகடத்தப்பட்டார், துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. இதையெல்லாம் வெறும் ஒழுக்கப் பிரச்சாரமாகவே நாம் எழுதிவருகிறோம். சைக்கிளையும் கள்ளையும் ஒரே மூச்சில் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே அவமானம்தான் என்று எனக்குப் படுகிறது.

பிற்பாடு கள் குறைந்த இடங்களில் சம்சு வந்தது. மலிவு, கடுமை, மடியில் செருகிக்கொள்ளும் சின்ன பாட்டில். கடைக்குப் போய் நாலு பேரோடு உட்கார வேண்டியதுகூட இல்லை.