ஒலிபெருக்கி வரை வந்த இன்டர்நெட்

"நீ கம்ப்யூட்டர்காரன், இன்டர்நெட் பத்தி ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று மலர்க்குழு நண்பர்கள் போனில் கேட்டார்கள். 2010-ல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து வலைத்தளங்கள் கட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் இன்டர்நெட் என்றால் என்ன என்று இன்றைய மாணவர்களுக்கு நான் பாடம் எடுத்தால் சிரிப்பார்கள். ஆகவே நம் யூனியன் பிரதேசத்திலேயே நடந்து, நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நம் ஊரின் இருப்பு நமக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கை மாறியது முதல் நாம் இந்தியாவோடு இருக்கிறோம். சுற்றிலும் தமிழ்நாடு, தலைநகரமோ சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. "ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கு சார்" என்ற பதிலைக் கேட்காமல் வளர்ந்த காரைக்கால் பிள்ளை யாரும் இருக்க முடியாது. இன்டர்நெட் வந்த கதையும் இதிலிருந்து ரொம்ப மாறியதில்லை.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது அது பெருநகரங்களுக்கு மட்டும்தான். படங்களோடு பார்க்கும் முழு இணைப்புக்கு ஆண்டுக்கு ரூ.15,000 கட்டணம், மாணவர்களுக்கு ரூ.500-க்கு வெறும் எழுத்து மட்டும் தெரியும் இணைப்பு. அதற்கு மேல் டெலிபோன் கட்டணம் தனி. மெட்ராஸில் இருப்பவருக்கு அது லோக்கல் கால். சிற்றூரில் இருப்பவர் எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் மீட்டர் ஓடும். தூரத்தில் இருப்பவன்தான் அதிகம் கட்ட வேண்டியிருந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் இது மெல்ல மாறத் தொடங்கியது.

அதே 1998-ன் ஜனவரியில், பாண்டிச்சேரிக் கிராமங்களில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு, கிராமங்களுக்குத் தகவல் மையங்கள் அமைத்தது. வில்லியனூர்தான் நடுமையம். அங்கே டெலிபோன் வழியாக இன்டர்நெட் வரும். சுற்றுக் கிராமங்களில் நம்பகமான டெலிபோன் லைன் கிடையாது. என்ன செய்தார்கள்? வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியைக் கொண்டு பேச்சையும் கம்ப்யூட்டர் தகவலையும் ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். கரண்ட் போனால் சமாளிக்க சூரியசக்தித் தகடு. நெல் விலை, ஆஸ்பத்திரி விவரம், அரசாங்கத் திட்டங்கள் என எல்லாம் தமிழில்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் வைத்த நிபந்தனை. இடமும் நடத்துவதற்கு ஆட்களும் ஊர் தர வேண்டும். அந்த இடத்துக்குள் எந்தச் சாதிக்காரரும், ஆணும் பெண்ணும், தடையில்லாமல் வர வேண்டும். எம்பலத்தில் ஒரு கோயிலைச் சேர்ந்த அறையில் மையம் நடந்தது. சந்நிதிக்குள் போக முடியாதவர்களும் அந்த அறைக்குள் போகலாம். ஊர்ப் பெண்கள் கம்ப்யூட்டரை இயக்கினார்கள்.

வீராம்பட்டினம் மீனவக் கிராமம். அங்கே நெல் விலை யாருக்கு வேண்டும்? கடல் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு வெளியாகிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வலையைச் சரிசெய்துகொண்டே கேட்கலாம். இந்தத் திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

என் தொழில் கண்ணால் பார்த்தால், இன்றைய கணக்கில் அந்த இணைப்பின் வேகம் ஒன்றுமே இல்லை. ஆனால் லைன், மொழி, கடைசியில் எடுத்துச் சொல்லும் ஆள் என்று மூன்றும் அதில் இருந்தன. நாம் பிராட்பேண்ட் என்று பேசும்போது முதலாவதை மட்டும்தான் பேசுகிறோம். இரண்டாவதற்கே எவ்வளவு பாடு! 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தார்கள். அதற்குப் பிறகும் நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபாண்ட். அதை இறக்காவிட்டால் பிரவுசிங் சென்டர் திரையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்ததே 2010-ல்தான்.

2004 அக்டோபரில் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது.

அப்போது நான் பிளஸ் ஒன். சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு. நம் கரைக்கு அலை வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு அவகாசம் இருந்தும் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரிக்கு ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. நம் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். பிற்பாடு நம் கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் அன்றைக்குத் தன் தங்கையை இழந்தவன்.

அதே காலையில், பாண்டிச்சேரிப் பகுதியின் நல்லவாடு கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர் மக்கள் அந்தத் தகவல் மையத்துக்கு ஓடி, தினமும் கடல் நிலவரம் சொல்லும் அதே ஒலிபெருக்கியில் "எல்லாரும் ஓடுங்க" என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

நியாயமாகச் சொன்னால், அன்று செய்தியைக் கொண்டுவந்தது இன்டர்நெட் அல்ல, ஒரு டெலிபோன் கால். ஆனால் அந்த ஒரு காலை ஊருக்கே சேர்த்த கருவி ஏற்கெனவே அங்கே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டால் நம்பலாம் என்ற பழக்கமும் இருந்தது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது.

அதன் பிறகு நாடு விழித்துக்கொண்டது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2013-ல் 512 கிலோபிட், 2023-ல் 2 மெகாபிட் என்று உயர்ந்தது. நம் மண்ணிலேயே 2010-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் வந்தது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருந்தும் பக்கத்து ஊர் சேதி தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன் வில்லியனூரில் வயர்லெஸ்ஸும் சூரியத் தகடும் எதற்கு வைத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் வானிலை காட்டும் பக்கம் ஒன்றைச் செய்தேன். பெரிய படங்கள், அசையும் மேகம், அத்தனை அழகு! ஊருக்கு வந்தபோது அதே நண்பன் கரையில் நின்று தன் போனில் திறந்து பார்த்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இது ஏசி ரூம்ல உக்காந்து பாக்குறவங்களுக்குச் செஞ்சதுடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே சுருக்கென்றது. சென்னைக்குத் திரும்பியதும் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, காற்று, அலை, நேரம் என்று நாலு வரித் தமிழில் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். இப்போது கரையிலும் திறக்கிறது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் புராஜெக்டை லேபில் மட்டும் சோதிக்காதீர்கள். ஒரு நாள் மேட்டுக்குப் போய், சாதாரண போனில், சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்தில் திறந்து பாருங்கள். நம் கடற்கரை ஊர்களில் எங்கெங்கே ஒலிபெருக்கி இருக்கிறது, கரண்ட் இல்லாவிட்டால் அது பேசுமா, அதன் சாவி யாரிடம் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பேட்டரியோ சூரியத் தகடோ வாங்க வேண்டியிருந்தால் முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம். இந்தச் சந்திப்பிலேயே அதைப் பேசி முடிவெடுப்போம்.