பேசப் பிறந்த பல்செட்டு

டிசம்பர் 31 இரவில் திருத்தணி மலையில் படித் திருவிழா. ஆண்டின் நாளுக்கொன்றாக 365 படி. ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே பஜனைக் கோஷ்டிகள் மேலே ஏறும். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைமாரைத் தேடிப் போகிறவர்களை முருகனிடம் திருப்புவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் இது. பாடுகிறவர்களில் வயதானவர்கள் நிறைய. பல் விழுந்த வாய்க்குத் திருப்புகழைப் போலச் சோதனை வேறில்லை. ‘த’ வர வேண்டுமென்றால் நாக்கு மேல்பல்லின் பின்பக்கம் போய் முட்ட வேண்டும். ‘வ’வுக்குக் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும். முன்பல் போய்விட்டால் தணிகை வேலன் பெயரே பாதி காற்றாகத்தான் வெளியே வரும். பல் போனால் சொல் போச்சு என்றுதான் பழமொழி. சோறு போச்சு என்று யாரும் சொல்லவில்லை.

சோற்றுக்கு நம் வீடுகளில் வேறு ஏற்பாடு இருந்தது. பாட்டி கையில் ஒரு சின்ன இரும்பு உரல், அதற்கேற்ற குட்டி உலக்கை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் அதில் இடிபட்டு விழுதாகி வாய்க்குப் போகும். சாப்பாடென்றால் குழைய வடித்த ரசம் சாதம், கூழ், களி. பல் செய்யும் வேலையை வாயை விட்டு வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். தேவர்களுக்கும் இதே வழிதான். தக்கன் யாகத்தில் சூரியன் பல்லை இழந்ததைத் திருவாசகத்தின் திருவுந்தியார் சொல்கிறது. வடமொழி நூல்களில் அவன் பெயர் பூஷன். அசுவினி தேவர்கள் அவன் பல்லைச் சரிசெய்தார்கள் என்று சரக சம்ஹிதை பெருமைப்படுகிறது. ஆனால் சதபத பிராமணமோ, அவனுக்குப் பல் இல்லை, ஆகவே அரைத்த மாவைத்தான் படைக்க வேண்டும் என்கிறது. வைத்தியம் அவ்வளவு திருப்தியாக அமையவில்லை போலும்!

மனிதர்கள் கட்டிய பல்லும் வெகுகாலம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. இத்தாலியின் எட்ரூஸ்கர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு ஆறேழு நூற்றாண்டுகள் முன்பே தங்கப்பட்டையில் பல்லைக் கோத்துப் பக்கத்துப் பல்லோடு கட்டினார்கள். பணக்காரர்களின் அலங்காரம் அது. மெல்லக்கூடிய முழு செட்டைச் செய்தவர்கள் ஜப்பானியர். 1538-இல் காலமான ஒரு பௌத்தத் துறவினியின் மரப்பல்செட்டு வாகயாமாவில் இருக்கிறது. கெட்டியான மரத்தை ஈறின் வடிவத்துக்கு அப்படியே குடைந்திருக்கிறார்கள். ஸ்பிரிங் கிடையாது, கம்பி கிடையாது. ஈறோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தேய்ந்த தடம், அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறது.

ஐரோப்பாவுக்கு இந்தச் சூட்சுமம் இருநூறு ஆண்டுகள் கழித்தும் எட்டவில்லை. 1728-இல் பல் மருத்துவத்துக்கே பெரிய நூல் எழுதிய பிரான்ஸின் பியர் ஃபோஷார், மேல்செட்டையும் கீழ்செட்டையும் ஸ்பிரிங்கால் இணைத்தார். வாயைத் திறந்தால் ஸ்பிரிங் தள்ளும். மூடி வைத்திருக்கவே பலம் வேண்டும். 1789-இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவருடைய பல்செட்டை மரத்தில் செய்தார்கள் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்தில் மனிதப் பல்லைப் பதித்துச் செய்தது அது. 1784-இல் அடிமைகளிடமிருந்து அவர் ஒன்பது பல் வாங்கியதற்கு வீட்டுக் கணக்கிலேயே பதிவு உண்டு. இத்தனைக்குப் பிறகும் செட்டு உதட்டை வெளியே தள்ளுகிறது என்று மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். ஓவியத்துக்கும் சபைக்கும் உதவிய அந்தப் பல், சாப்பாட்டு மேசையில் அவரைப் படுத்தியது. நம் காந்தி நேர் எதிர்: சாப்பிடும்போது செட்டைப் போட்டுக்கொள்வார், முடிந்ததும் கழற்றிவிடுவார். உலகம் கண்ட சிரிப்பு பொக்கை வாய்ச் சிரிப்புதான். 

1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பல்லைப் பிடுங்கி, செட்டில் பதிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். பீங்கான் பல் அதற்கு முன்பே வந்திருந்தாலும், பல்லைத் தாங்கும் அடித்தட்டு தங்கத்திலோ தந்தத்திலோதான். சாமானியனுக்கு எட்டாது.

எட்ட வைத்தது ரப்பர். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்த 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகத்தைக் கூட்டினால் ரப்பர் கட்டையாக இறுகும். வாயின் அச்சில் அதை அழுத்தி வேகவைத்தால் ஈறுக்கு அளவெடுத்த அடித்தட்டு தயார். அதே பத்தாண்டில்தான் மயக்க மருந்தும் வந்தது. வலியில்லாமல் பல்லைப் பிடுங்கலாம், மலிவாகக் கட்டலாம் என்றானதும் கூட்டம் பெருகியது. ஆனால் 1864-இல் பல்லுக்கான ரப்பரின் காப்புரிமை ஒரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு செட்டுக்கும் பங்கு கேட்டார்கள். கொடுக்காத மருத்துவர்கள் மேல் ஊர் ஊராக வழக்கு. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான்ஃபிரான்சிஸ்கோ ஓட்டலில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டுக் கொன்றார். காப்புரிமை 1881-இல் காலாவதியானது. 1930-களின் பிற்பாதியில் அக்ரிலிக் வந்து ரப்பரை ஓரங்கட்டியது. ஈறின் நிறமே அதில் கிடைத்தது.

இந்தியாவில் ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். மதராஸில் 1953-இல்தான். அதுவரை பட்டணத்தில் பல் கட்டியவர்களில், ஹூபே மாகாணத்திலிருந்து வந்த சீனக் குடும்பங்களும் உண்டு. ‘சைனீஸ் டென்டிஸ்ட்’ என்று போர்டு மாட்டித் தலைமுறையாகத் தொழில் செய்தார்கள். 1948-இன் பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டு தொழில் செய்தவர்களுக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது.  

இன்று ஒரு செட்டுக்கு நாலைந்து முறை போக வேண்டியிருக்கும். முதல் நாள் அளவு. மாவு போலக் குழைத்து வாயில் வைக்கிறார்களே, அது ஆல்ஜினேட், கடல்பாசியிலிருந்து எடுப்பது. அதுவரை அளவெடுக்க உதவிய ஜப்பானின் அகர் இரண்டாம் உலகப் போரில் வராமல் போனபோது மேற்கத்தியர் கண்ட மாற்று. மண்டபம் கரையில் பெண்கள் அரிக்கும் கட்டக்கோரைப் பாசியிலும் ஆல்ஜினேட் உண்டு. பிறகு பிளாஸ்டர் அச்சு, மெழுகில் கடி பார்ப்பது, பல்லை மெழுகில் நிறுத்திக் காட்டுவது, கடைசியில் அக்ரிலிக்கை வேகவைப்பது. ‘தம்பி, சிரிச்சா நல்லாருக்கா பாரு’ என்று கேட்கிற பெரியவர்கள், அந்த நிலையிலேயே ‘த’, ‘வ’ வருகிறதா என்று பேசியும் பார்க்க வேண்டும். வெந்த பிறகு பல்லை நகர்த்துவது லேசான வேலை இல்லை.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பல்செட்டின் கடி, சொந்தப் பல்லின் கடியில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். பல் இல்லாத தாடையெலும்பு வருடா வருடம் கரையும், செட்டு கரையாது. அதனால்தான் சில ஆண்டில் லொடலொடக்கிறது. எலும்பிலேயே டைட்டானியம் திருகைப் பதிக்கும் முறையை ஸ்வீடனின் பிரோனமார்க் 1965-இல் ஒரு நோயாளிக்குச் செய்து காட்டினார். விலைதான் இன்னும் மலை மேல் நிற்கிறது.

உலகில் 60 வயதைத் தாண்டியவர்களில் 23 சதவீதம் பேருக்கு ஒரு பல்லும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீடு. 2017-இல் நெல்லூரில் மத்திய அரசு தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கான உபகரணப் பட்டியலில் கைத்தடி, மூக்குக்கண்ணாடியோடு பல்செட்டும் இருக்கிறது. கைத்தடியை முகாமில் கொடுத்துவிடலாம். பல்லை அப்படிக் கொடுக்க முடியாது. அளவெடுத்தவரே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது செட்டு கட்டியிருந்தால், உறுத்துகிறது என்று டப்பாவில் போட்டுவிட விடாதீர்கள். கட்டியவரிடமே கூட்டிப்போய் ராவிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும்.