எஃப்பிஜிஏ சிப் என்றால் என்ன? ஓட்டம் மெதுவு... ஆனா வேலையில் முந்துவது எப்படி?

போனில் இருக்கும் ப்ராசஸரை ஃபேக்டரியில் தயாரித்து முடித்துவிட்டால், அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மாற்ற முடியாது. சாஃப்ட்வேரை மட்டும்தான் மாற்றலாம். ஆனால், வாங்கிய பிறகும் சர்க்யூட்டையே மாற்றி அமைக்கக் கூடிய சிப் ஒன்று இருக்கிறது. அதுதான் எஃப்பிஜிஏ. 'ஃபீல்டு புரோகிராமபிள் கேட் அரே' என்பதன் சுருக்கம் இது.

உள்ளே என்ன இருக்கு?

சின்னச் சின்ன லாஜிக் பிளாக்குகள், அவற்றை இணைக்கும் வயர்கள், எந்த வயர் எதோடு சேர வேண்டும் என்று முடிவு செய்யும் சுவிட்சுகள். இவ்வளவுதான் அடிப்படை. 'பிட்ஸ்ட்ரீம்' என்ற ஃபைலை ஏற்றினால் சுவிட்சுகள் அதற்கேற்ப மாறி, புது சர்க்யூட் தயார். 1985இல் ஸைலிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏவில் இருந்தது வெறும் 64 பிளாக்குகள். இன்றைய பெரிய சிப்களில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

வேகம் எங்கிருந்து வருது?

கம்ப்யூட்டர் ப்ராசஸர் 3 முதல் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். எஃப்பிஜிஏ பெரும்பாலும் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான். பிறகு எப்படி முந்துகிறது?

பரோட்டா கடையை நினைத்துப் பாருங்க. மாவு உருட்டுவது, வீசுவது, கல்லில் போடுவது எல்லாவற்றையும் ஒரே மாஸ்டர் செய்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு அளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் வரிசையாக நின்றால், முதல் பரோட்டாவுக்குத்தான் நேரம் ஆகும். அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பெயர் 'பைப்லைன்'. இப்படிப் பல வரிசைகளை ஒரே சிப்பில் அமைக்கலாம்.

புரோகிராம் எழுதுவது எப்படி?

வெரிலாக், விஹெச்டிஎல் ஆகியவை இதற்கான மொழிகள். பைத்தான் தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: இங்கே எழுதுவது கட்டளை அல்ல, சர்க்யூட்டின் வர்ணனை. 8 முறை சுற்றும் லூப் எழுதினால், பொதுவாக அது 8 முறை ஓடாது; அந்த சர்க்யூட்டின் 8 பிரதிகள் உருவாகும். சி++ கோடை சர்க்யூட்டாக மாற்றித் தரும் டூல்களும் உண்டு. ஆனா, இந்த அடிப்படை புரியாமல் எழுதினால் வேகம் கிடைக்காது. பெரிய டிசைனை பிட்ஸ்ட்ரீமாக மாற்றவே பல மணி நேரம் ஆகலாம்.

நிஜத்தில் எங்கே?

* மைக்ரோசாஃப்ட் 1,632 சர்வர்களில் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டது. பிங் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் வேலையில், ஒவ்வொரு சர்வரின் திறனும் 95% கூடியது.
* 2021இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ், தரையின் படங்களை அலசி இறங்கும் இடத்தைத் தேர்வு செய்ய எஃப்பிஜிஏ உதவியது.

எப்போ வேண்டாம்?

டேட்டாவை சிப்புக்கு அனுப்பி வாங்கவே நேரம் போனால் லாபம் இல்லை. அடிக்கடி திசை மாறும் கணக்குகளுக்கு சாதாரண ப்ராசஸரே போதும். ஒரே டிசைன், கோடிக்கணக்கில் சிப் தேவை என்றால், அதற்கென்றே தனி சிப் தயாரிப்பது மலிவு.

கற்றுக்கொள்ள உடனே போர்டு வாங்கத் தேவையில்லை. ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர் போன்ற இலவச சிமுலேட்டர்களில் எழுதிப் பார்க்கலாம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்ட முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முடியாது என்றால், போர்டுக்குக் காசு செலவழித்துப் பயனில்லை.