சிறுகார்: ஆர்வலர் மன்றத் தகுதியின் வரலாறு

நீளம், எடை, எஞ்சின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே குறைத்து, நெரிசலான தெருக்களில் குறைந்த செலவில் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் வண்டி சிறுகார் எனப்படும். இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்துக் காத்து, அணிவகுப்புகளில் ஓட்டிக் காட்டுவோரின் கூட்டமைப்பு ஆர்வலர் மன்றமாகும். ஒரு சிறுகார் மன்றத்தில் சேரத் தகுதியுடையதா என்பதை அளக்க ஒரே கோல் எக்காலத்திலும் இருந்ததில்லை. வரி விதிப்போர் நீளத்தையும், வெளிநாட்டு மன்றங்கள் எஞ்சினையும் கதவுகளின் எண்ணிக்கையையும், போக்குவரத்துச் சட்டம் வயதையும் பார்த்தமையால், ஒரு கோலில் தேறிய வண்டி மற்றொன்றில் தோற்பது வழக்கமாயிற்று.

எஞ்சின் கொள்ளளவு என்பது உருளைகளுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் சென்று வரும் இடத்தின் மொத்தக் கனஅளவாகும், சி.சி. என்று சொல்லப்படும் கன சென்டிமீட்டர் கணக்கில் அது குறிக்கப்படுகிறது. இதை மன்றத்தின் பெயராகவே கொண்ட முன்னோடி, 1922 முதல் 1939 வரை பிரிட்டனில் உற்பத்தியான 747 சி.சி. ஆஸ்டின் செவன் காரின் உரிமையாளர்களுக்காக 1939இல் அங்குத் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பெட்ரோலும் பணமும் அரிதாயிருந்த காலத்தில் இசெட்டா, மெஸ்ஸர்ஷ்மிட் போன்ற குமிழ் வடிவக் குறுங்கார்கள் பெருகின. 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி அவற்றின் விற்பனைக்குக் கைகொடுத்தது. பிற்காலத்தில் அவற்றைத் திரட்டிய பிரிட்டனின் குறுங்கார்ப் பதிவேட்டு மன்றம், மூன்று அல்லது நான்கு சக்கரங்களும், 700 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினோ மின்கலமோ கொண்டு, 1945க்குப் பின் தயாரான சிக்கன வண்டிகளை மட்டும் ஏற்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த புரூஸ் வைனர் குறுங்கார் அருங்காட்சியகம் அதே 700 சி.சி. வரம்புடன், கதவுகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டது.

ஜப்பானில் அரசே வரம்பை வகுத்தது. கெய் என்னும் வகைக்கு 1949இல் தொடங்கிய விதிகள் 1955இல் 360 சி.சி., 1976இல் 550 சி.சி., 1990இல் 660 சி.சி. என உயர்ந்து, 1998 முதல் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்னும் அளவில் நிற்கின்றன. இந்த விதிகளின் நிழலில் வளர்ந்த சுசுகியின் சிறுகார் உடலில் 796 சி.சி. எஞ்சினைப் பொருத்திய வடிவமே பின்னர் மாருதி 800 ஆனது. பிறந்த நாட்டின் சிறுகார் வரம்பையும் ஐரோப்பியக் குறுங்கார் வரம்பையும் மீறிய ஒரு வண்டி இந்தியாவில் சிறுகாரின் இலக்கணமாகவே கொள்ளப்பட்டது வியப்புக்குரியது.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சிறுகார் வரலாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னைக்குத் தெற்கே வண்டலூரை அடுத்த ஆலையில், 1961 முதல், இங்கிலாந்துக் காரொன்றை மூலமாகக் கொண்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த இந்த வண்டியின் எஞ்சின் 948 சி.சி. கொண்டது. இதன் முன்மூடி மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்தபடி ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்க முடிந்தது. முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்புவதால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். குறுகிய சந்துகளில் இது பெரும் வசதி.

ஹெரால்டின் குறை பின்பக்கத்தில் இருந்தது. பின் அச்சு நடுவில் இரண்டாகப் பிரிந்து, குறுக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங்கின் துணையில் ஒவ்வொரு சக்கரமும் தனித்து அசையுமாறு அமைக்கப்பட்டிருந்ததால், பாரம் ஏறியபோது சக்கரங்கள் சாய்ந்து நிற்கவும், வேகமாக வளைக்கும்போது உட்புறம் மடங்கவும் செய்தன. இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்காததால், 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. 1968இல் வெளிவந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1977 வரை தயாரான கெஸலும் அவ்வாறே. இங்கிலாந்து மூலத்திலிருந்து விலகிய இந்த இரண்டையும் மூலத்தின் குறைப்பிரதிகளாகக் கருதாமல், தனித்த இந்திய வகைகளாக மதிப்பதே முறை.

குறைந்த விலைக் கார் என்னும் திட்டம் எல்.கே. ஜா தலைமையிலான அரசுக் குழுவின் பரிந்துரை முதலே தில்லியில் பேசப்பட்டு வந்தபோதும், உரிமக் கட்டுப்பாடுகள் அதை நெடுநாள் தாளிலேயே நிறுத்தின. இடையில் பெங்களூரில் இருந்து கண்ணாடியிழை உடலுடன் இரு வண்டிகள் வந்தன. 1970களின் நடுவில் வந்த பாதல், முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று சக்கரங்களும் 198 சி.சி. எஞ்சினும் கொண்டது, பிரிட்டனின் ரிலயன்ட் கிட்டன் காரைத் தழுவி 1982இல் வந்த சிபானி டால்ஃபின் 848 சி.சி. உடையது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கியதற்குப் பின் இவற்றுக்குச் சந்தையில் இடம் சுருங்கியது. ஏறத்தாழ 47,500 ரூபாய் விலையில் தொடங்கிய மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை லட்சக்கணக்கில் விற்றது.

2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறுகாருக்குச் சட்டப்படியான உருவம் கொடுத்தார். 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1,200 சி.சி., டீசலாயின் 1,500 சி.சி. என்னும் உச்சவரம்பும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதே அளவுகளே பின்னர்ச் சரக்கு மற்றும் சேவை வரியிலும் தொடர்ந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத வரிக்குரிய வகையைத் தீர்மானிக்கின்றன. நான்கு மீட்டருக்குள் அடங்குவதற்காகப் பின்பகுதியை வெட்டியதுபோன்ற செடான் கார்களும், உயரமான எஸ்.யு.வி.களும் சிறுகாரின் சலுகையைப் பெறுகின்றன. இந்தக் கோலால் ஆர்வலருக்குப் பயனில்லை.

2009 மார்ச்சில் அறிமுகமான டாடா நானோ, கோல்களின் முரணுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு உருளைகளும் 624 சி.சி.யும் கொண்ட எஞ்சின் பின்பக்கம் இருந்தது. பெட்ரோல் ஊற்ற முன்மூடியைத் திறக்க வேண்டும். சக்கரத்துக்கு மூன்று நட்டுகளே. பிரிட்டன் மன்றத்தின் 700 சி.சி. வரம்பில் இது தேறுகிறது. நான்கு கதவுகள் இருப்பதால் அமெரிக்க அருங்காட்சியகத்தின் விதியில் தோற்கிறது. மாறாக, பெங்களூரின் இரண்டு கதவு மின்கார் ரேவா இரண்டிலும் தேறுகிறது.

மன்றத் தகுதிக்கு இந்தியச் சட்டம் தந்த அடிப்படை 2021 ஜூலை 15 அன்று அறிவிக்கப்பட்ட விதிகளில் உள்ளது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் உள்ள இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதியலாம். எண்பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்னும் எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாயும், பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுநீக்கம் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். 1966இல் தோன்றிய ஃபிவா என்னும் உலகக் கூட்டமைப்பு 30 ஆண்டு போதும் என்றாலும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்பதில் இந்திய விதியோடு ஒத்துப்போகிறது. எழுத்தளவில் பார்த்தால் மூன்று சக்கரப் பாதல் இந்திய விதிக்குள் வராது.

சிறுகாருக்கு உண்மையான இடையூறு வயதன்று, அதன் பயன்பாடே ஆகும். தேனி மாவட்டக் கூடலூர் போன்ற ஊரில் இது தெளிவாகத் தெரியும். கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183, சபரிமலைக் காலத்தில் நெரியும் மலைச்சாலை. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஓடும் இந்த வழியில் சிறுகாரும் குடும்பத்தோடும் மூட்டையோடும் ஏறியாக வேண்டும். அப்படி உழைக்கும் வண்டிக்குக் கூரையில் கேரியர் ஏறும், கேஸ் கிட் பொருத்தப்படும், மாருதி 800இன் பழைய எஞ்சின் ஓய்ந்தால் அதே 796 சி.சி. கொண்ட ஆம்னி வேனின் எஞ்சின் உள்ளே போகும். உரிமையாளருக்கு இவை நியாயமான சிக்கனம். மன்றத்தின் நடுவருக்கோ ஒவ்வொன்றும் மதிப்பெண் குறைப்பு. கொட்டகையில் நின்ற விலையுயர்ந்த கார்கள் அசலாக எஞ்சியதும், லட்சக்கணக்கில் ஓடிய சிறுகார்களில் அசல் வண்டி அரிதானதும் இதனால்தான்.

ஆதலால் மன்றத்தில் சேரும் சிறுகாரைத் தேர்ந்தெடுக்கும்போது சி.சி.யையோ நீளத்தையோ விட, பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருப்பதற்கே முதலிடம் தர வேண்டும். ஹெரால்டில் 1971க்கு முன் பதிவானவை அனைத்தும் வயது வரம்பைக் கடந்துவிட்டன. 1977இல் பதிவான கெஸல்கள் 2027இலும், முதல் மாருதி 800 கார்கள் 2033 டிசம்பரிலும், முதல் நானோக்கள் 2059இலும் 50 ஆண்டை எட்டும்.