நெவாடா மாநிலத்து மேய்ச்சல் வாழ்வும் மரப்பட்டை எழுத்தும்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட தமிழ் மரபில் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேலைப் பகுதியில் அமைந்த நெவாடா மாநிலம் இதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

நெவாடா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் பனி போர்த்தது என்பது பொருள். ஆயினும், அந்நாட்டு மாநிலங்களுள் மழை மிகக் குறைந்தது இதுவே. ஆண்டிற்கு ஏறத்தாழ 10 அங்குல மழையே பெய்கின்றது. பசிபிக் கடலினின்று எழும் முகில்கள் சியரா நெவாடா மலைத்தொடரின் மேலைச் சரிவில் நீரைப் பொழிந்துவிடுதலின், கீழைப் பகுதி மழை மறைவு நிலமாயிற்று. தெற்கு வடக்காக நீண்ட மலைத்தொடர்கள் பலவும் அவற்றிடையே வறண்ட பள்ளத்தாக்குகளும் அமைந்துள்ளன. அம்பல்ட் ஆறு ஏறத்தாழ 300 மைல் ஓடியும் கடலை அடையாது, உவர்ப் பள்ளம் ஒன்றில் மறைகின்றது. எனவே, அங்கு வாழ்வைத் தாங்குவது மலைப்பனி உருகிவரும் நீரேயாம்.

பையூட், சோசோனி என்னும் தொல்குடியினர் பைன் மரக் கொட்டைகளையும் புல்விதைகளையும் தொகுத்து உண்டு வாழ்ந்தனர். 1859ஆம் ஆண்டில் வெள்ளிச் சுரங்கம் கண்டறியப்பட்டதும் குடியேறினோர் பெருகினர். அவர்தம் ஆனிரையும் பெருகிற்று. தொல்குடியினர்க்கு உணவாகிய புல் மாடுகளுக்கு இரையாயிற்று. பையூட் குலத்துப் பெண்மணி சாரா வின்னமக்கா 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தம் மக்கள் உற்ற துன்பத்தை எடுத்துரைக்கின்றது. 1889-90ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் உலர்புல் சேர்த்து வையாத பண்ணைகளில் மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. அதன்பின் ஆட்டு மந்தைகள் மேலும் பெருகின.

அம்மந்தைகளை மேய்த்தோருட் பலர் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீசு மலைப்பகுதியினின்று வந்த பாசுக்கு மக்கள் ஆவர். கூலிக்கு ஈடாகப் பெண்ணாடுகளைப் பெற்றுத் தமக்கென மந்தை அமைத்துக்கொண்டாரும் உளர். சொந்த நிலம் இன்மையால் அவர்கள் அரசின் பொதுநிலத்தில் இடம் பெயர்ந்து மேய்த்தனர். 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சற் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. நிலமோ நீருரிமையோ உடையார்க்கே மேய்ச்சல் உரிமம் வழங்குவதில் முதன்மை கிடைத்தது; நிலமற்ற இடையர் விலக்கப்பட்டனர். மிகை மேய்ச்சலால் புல்வெளி அழிந்ததனை மறுத்தற்கில்லை, கட்டுப்பாடு வேண்டப்பட்டதே. எனினும், அழிவுக்குப் பலரும் காரணமாயிருக்க, அதன் சுமை வலியற்றோர் தலைமேல் விழுந்தது என்பதே எம் கருத்து.

இனி, அவ்விடையர் விட்டுச்சென்ற சான்றினைக் காண்போம். கோடைக்காலத்தில் உயர்மலைகளில் தனித்திருந்த அவர்கள், ஆசுபென் மரங்களின் வெண்பட்டையில் கத்தி முனையால் மெல்லக் கீறித் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதினர். தனிமைத் துயரையும் சிலர் பொறித்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வடு கருத்துத் தடித்து எழுத்துத் துலங்கும். எழுதியவன் தன் எழுத்தின் நிறைவைக் காண்பதற்குள் வேறிடம் சென்றிருத்தலும் கூடும்.

அம்மரம் பெரும்பாலும் நூறாண்டு அளவே வாழ்வது. கல்லெழுத்து நிலைபெறும், உயிர்மரத்து எழுத்தோ மரத்துடன் மாயும். ஆய்வாளர் சிலர் அவற்றைப் படியெடுத்தும் நிழற்படம் பிடித்தும் தொகுத்துள்ளனர். நிலமுடையார் வரலாற்றை அரசு ஆவணங்கள் காத்துவரும். நிலமற்றார் தம் கையால் எழுதிய வரலாறோ பெரிதும் அம்மரப்பட்டைகளிலேயே உளது. அது வீழுமுன் படித்தல் வரலாற்றாசிரியர்தம் கடனாம்.