மேடைப் பேச்சிலிருந்து வீட்டுக் கதைக்கு: ஸ்டாண்ட் அப் கலைஞர்கள் தொடர் நடிகர்களான வரலாறு

ஸ்டாண்ட் அப் மேடையில் கலைஞர் தனியாள். கதை சொல்பவரும் அவரே, கதையில் வருபவர்கள் அத்தனை பேரும் அவரே. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அந்த வசதி இல்லை. சக நடிகர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கடந்தவர்களின் வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. நடிக்க வாய்ப்புக் கேட்டவர்கள், காலப்போக்கில் கதையை எழுதும் உரிமையையும் கைப்பற்றினார்கள்.

அமெரிக்காவின் பாப் நியூஹார்ட் கணக்காளராக இருந்தவர். 1960-இல் வெளிவந்த அவருடைய நகைச்சுவை இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. தொலைபேசியில் பேசுவதுபோல் நடிப்பது அவருடைய தனி முத்திரை. மறுமுனைக் குரல் நமக்குக் கேட்காது. அவருடைய தயக்கமும் பதிலுமே சிரிக்க வைக்கும். 1972-இல் சிபிஎஸ் தொடங்கிய ‘தி பாப் நியூஹார்ட் ஷோ’ அவரை உளவியலாளர் ஆக்கியது. பிறர் பேசுவதைக் கேட்பதே தொழிலான பாத்திரம்! மேடையில் அவரிடம் இருந்த பலத்தைக் கண்டு, அதற்கேற்ற வேடத்தை மற்றவர்கள் படைத்துக் கொடுத்தார்கள்.

1989-இல் நிலைமை மாறியது. ஜெர்ரி சைன்ஃபெல்ட் தம்மைப் போலவே ஸ்டாண்ட் அப் மேடையிலிருந்து வந்த லேரி டேவிட்டுடன் சேர்ந்து ‘சைன்ஃபெல்ட்’ தொடரை உருவாக்கி, அதில் ஸ்டாண்ட் அப் கலைஞராகவே நடித்தார். அது 1998 வரை ஓடியது.

அடுத்த கட்டத்தில் தமிழ் வேர் உள்ள இருவர் வருகிறார்கள்.

அசிஸ் அன்சாரியின் பெற்றோர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து அமெரிக்கா சென்ற தமிழ் முஸ்லிம்கள். நியூயார்க் மேடைகளில் வளர்ந்த அவர், 2009 முதல் 2015 வரை ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரில் துணைப் பாத்திரமாக நடித்தார். 2015-இல் ஆலன் யாங்குடன் சேர்ந்து நெட்ஃபிளிக்ஸுக்காக ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரை உருவாக்கினார். அதில் நாயகனின் அப்பா அம்மாவாக நடித்தவர்கள் அன்சாரியின் சொந்தப் பெற்றோர். புலம்பெயர்ந்த பெற்றோரைப் பற்றிய அத்தியாயத்துக்காக அன்சாரியும் யாங்கும் 2016-இல் எழுத்துக்கான எம்மி விருது பெற்றார்கள். 2018-இல் அன்சாரிக்கு நடிப்புக்கான கோல்டன் குளோப் கிடைத்தது.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் கணித ஆசிரியர் வேலையை விட்டு முழுநேர மேடைக் கலைஞரானவர். அவருடைய தந்தை மதுக்கூடம் நடத்தியவர். 2018-இல் ஒளிபரப்பான ‘தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்’ தொடரில், இறந்த தந்தையின் மதுக்கூடத்தை விருப்பமில்லாமல் ஏற்று நடத்தும் மகனாக நடித்தார். எழுத்திலும் அவருக்குப் பங்குண்டு.

மலேசியாவில் ஜொகூர் பாருவில் பிறந்த ஸ்டாண்ட் அப் கலைஞர் ரோனி சியெங், மெல்பர்னில் படித்த நாட்களை 2017-இல் ஆஸ்திரேலியத் தொடராக்கினார். மலேசியாவின் டக்ளஸ் லிம் எதிர்த்திசையில் வந்தவர்: என்டிவி7 அலைவரிசையின் ‘கோப்பித்தியாம்’ தொடரில் நடித்துப் பெயர் பெற்றபின் ஸ்டாண்ட் அப் மேடையில் நிலைகொண்டார். தமிழ்நாட்டில் ‘கலக்கப்போவது யாரு’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டி மேடையில் வென்ற சிவகார்த்திகேயனைச் சினிமா அழைத்துக்கொண்டது.

மலேசியாவிலும் இப்படிச் சொல்லத்தக்க கதைகள் உண்டு. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை வந்தது. ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்பும் குடும்பங்களின் கதைகள் அங்கே ஏராளம். அந்தக் கதைகளைச் சொல்லும் தமிழ் மேடைக் கலைஞரைக் கண்டால், மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி அவருக்கு வேடம் மட்டும் தந்தால் போதாது. திரைக்கதையையும் அவரையே எழுதச் சொல்ல வேண்டும்.