இறால் வடிவப் பொய் இரையும் அடையாற்று முகத்துவாரமும்

இறால் உருவில் மென்மையான நெகிழியால் வார்க்கப்பட்டு, தூண்டில் முள்ளில் கோர்க்கப்படும் செயற்கை இரை 'சாஃப்ட் பிளாஸ்டிக் இறால்' எனப்படுகிறது. தூண்டில்காரர்கள் இதைச் சுருக்கமாக 'லூர்' என்பர். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வாழும் கொடுவா மீனைப் பிடிக்க இது ஏற்றது. சென்னையின் தென்பகுதியில் இத்தகைய நீர்நிலை அடையாற்று முகத்துவாரம். அதன் வடகரையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரமும் தென்கரையில் ஊரூர் குப்பமும் உள்ளன. பொய் இறாலைக் கண்டு மீன் ஏமாற வேண்டுமானால் மெய் இறால் அந்த நீருக்குள் வந்து போக வேண்டும். ஆகவே இந்தத் தூண்டிலின் கதையை முகத்துவாரத்தின் கதையிலிருந்து பிரிக்க முடியாது.

மரத்திலிருந்து நெகிழிக்கு

தூண்டில் என்பதே ஏமாற்று என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சூது அதிகாரத்தின் முதற் குறள் (931), சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறது. இறாலைக் குறிக்கும் 'இறவு' என்ற சொல் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் வருகிறது. ஆனால் இறாலையே போலியாகச் செய்து மீன்பிடிக்கும் கலை வளர்ந்தது ஜப்பானில்தான். அங்கு எடோ காலத்தில் கணவாய் பிடிக்க 'எகி' என்ற மரத்தாலான இறால் பயன்பட்டது. கடலில் தவறி விழுந்த தீப்பந்தக் கட்டையைக் கணவாய் தழுவிக்கொண்டதைப் பார்த்து மீனவர்கள் இதைக் கண்டுபிடித்தனர் என்று தெற்கு ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், இன்று நெகிழியில் வரும் எகி பழைய மர வடிவத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

மென்நெகிழி இரை பிறந்தது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் 1949இல் வினைல் நெகிழியில் மண்புழுவை வார்த்தெடுத்தார். பி.வி.சி. பிசினோடு இளக்கி எண்ணெய் கலந்து சூடாக்கினால் அது ரப்பர்போல் துவளும் பொருளாகிறது. இரை மீனின் வாயில் கல்லைப்போல் உறுத்தாமல் உயிருள்ள சதைபோல் இருந்ததே இதன் வெற்றி. புழுவைத் தொடர்ந்து தவளை, சிறுமீன், நண்டு வடிவங்கள் வந்தன. கடல்மீன் தூண்டிலுக்கான இறால் வடிவத்தைப் பரவலாக்கியவர்களில் ஃபுளோரிடாவின் மார்க் நிக்கல்ஸ் குறிப்பிடத்தக்கவர். 'டி.ஓ.ஏ.' என்ற பெயரில் அவர் விற்ற இறால் அங்குள்ள உப்பங்கழிகளில் பெயர்பெற்றது.

சென்னை மாகாணத்தில்

பொழுதுபோக்குத் தூண்டிலை இந்தியாவில் ஓர் எழுத்துத் துறையாக்கியவர் சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது மீன்வளம் குறித்து அறிக்கை அளித்த இவர், 1873இல் 'தி ராட் இன் இந்தியா' நூலையும் 1887இல் ஏரிக்குளத் தூண்டில் பற்றிய மற்றொரு நூலையும் வெளியிட்டார். பொய் இரை என்றால் அக்காலத்தில் பெரும்பாலும் உலோகக் கரண்டியும் இறகு ஈயும்தான். பிழைப்புக்காக மீன்பிடித்தவர்களின் முறைகள் தனியாகப் பதிவாயின. மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை 1920களில் விரிவாக எழுதினார். துரைமார் தூண்டிலும் குப்பத்து வலையும் ஒரே ஆற்றில் இயங்கியும், ஏட்டில் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கோர்க்கும் முறை

இறால் இரண்டு விதமாக நகரும். அமைதியாக இருக்கும்போது வயிற்றடிக் கால்களைத் துடுப்புப்போல் அசைத்து மெதுவாக முன்னே செல்லும். அபாயம் வந்தால் வாலை உள்ளே மடித்துச் சொடுக்கிப் பின்னோக்கிப் பாயும். கோர்ப்பதன் நுட்பம் முழுவதும் இதில் எதைக் காட்டுவது என்பதைப் பொறுத்தது. தலைப்பக்கம் முள்ளைச் செருகினால் மேயும் இறால் கிடைக்கிறது. வால் விசிறியைக் கத்தரித்துவிட்டு, ஈயத்தலை கொண்ட முள்ளை வால் நுனியில் ஏற்றி, உடல் வழியே கொண்டுபோய் வெளியே எடுத்தால், இழுக்கும்போது வால் முன்னே வரும். அதாவது தப்பியோடும் இறால். துரத்தும் மீனுக்குப் பின்னதே கூடுதல் தூண்டுதல்.

முள் உடலின் நடுக்கோட்டில் நேராக இருக்க வேண்டும். சற்றுக் கோணினாலும் இரை சுழலும், நூல் முறுக்கிக்கொள்ளும். கழிமுகத்தின் ஆழமற்ற நீருக்கு 3 முதல் 10 கிராம் ஈயம் போதும். எறிந்த பின் இரை தரையைத் தொடும்வரை காத்திருந்து, கோலின் நுனியை ஒரு சொடுக்குச் சொடுக்கி, மீண்டும் விழவிட வேண்டும். கொடுவா பெரும்பாலும் இரை விழும் நேரத்தில்தான் வாயைத் திறந்து உறிஞ்சும். புதிதாகப் பழகுவோர் இடைவிடாமல் ரீலைச் சுற்றி இந்த நேரத்தையே இழக்கின்றனர். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூரானது என்பதால், மெல்லிய பின்னல் நூலின் முனையில் தடித்த 'லீடர்' நூல் கட்டுவது அவசியம்.

முள்ளின் கூர்முனையை இறாலின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடும் 'டெக்சாஸ்' முறை, அமெரிக்க ஏரிகளின் நீர்ப்பாசியில் முள் சிக்காதிருக்க உருவானது. அடையாற்றில் அது பாசிக்கு அல்ல, பாலித்தீன் பைக்கும் கிழிந்த வலைக்கும் பயன்படும்.

மணல்திட்டு

இறாலும் கொடுவாவும் எதிரெதிர்ப் பயணிகள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அலையேற்றத்தோடு கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். கொடுவா கழியிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிட உப்புமிகுந்த நீரை நாடி முகத்துவாரப் பக்கம் வரும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன் அது. எனவே முட்டையிடக்கூடியவை நன்கு வளர்ந்த பெரிய மீன்கள் மட்டுமே. ஆசைப்பட்டுப் பிடிக்கப்படுபவையும் அவையே. இரண்டு பயணங்களுக்கும் வாசல் ஒன்றுதான்.

அந்த வாசல் பழைய காலத்திலிருந்தே ஆழம் குறைந்தது. 1746இல் நடந்த அடையாற்றுப் போரில் பாரடிஸ் தலைமையிலான சிறிய பிரெஞ்சுப் படை, ஆற்றைக் கால்நடையாகக் கடந்து மாபூஸ்கானின் பெரும்படையை முறியடித்தது. கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து சேர்க்க, கோடையில் ஆற்றில் அதை அடித்துச்செல்ல நீர் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆறு தானே வழி திறக்கும். முகத்துவாரத்தருகே 1967இல் கட்டப்பட்ட பாலம் 1977இல் நீரோட்டத்தில் இடிந்து, இன்றும் 'உடைந்த பாலம்' என்ற பெயரிலேயே நிற்கிறது. மழை இல்லாத மாதங்களில் மணல்திட்டு வாயை அடைத்தால் உள்ளே எஞ்சுவது பெரும்பாலும் கழிவுநீர். அதில் உயிர்க்காற்று குறைய, இறால் தங்காது.

2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, அடையாற்றுச் சிற்றோடையின் ஒரு பகுதிக்கு அலைநீரை மீட்டுத் தந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில் சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் (1987) இருக்கிறது. இந்தியாவில் கொடுவாவை அடைப்பில் வைத்து முதன்முதலாக 1997இல் இனப்பெருக்கம் செய்வித்தது இந்நிறுவனம்தான். குஞ்சுகள் வளர்ப்புக் குளங்களுக்குப் போகின்றன. ஆற்றுக் கொடுவாவுக்கு அந்த வசதி இல்லை.

அறுந்து நீரடியில் தங்கும் மென்நெகிழி மக்குவதில்லை. அதை இளக்கச் சேர்க்கப்படும் தாலேட்டு வகை வேதிப்பொருள்கள் மெல்ல நீரில் கசியும். கிழிந்த இறால்களைச் சேர்த்துவைத்து மீண்டும் உருக்கி வார்ப்போரும் உண்டு. வினைல் புகை நச்சுத்தன்மை உடையது என்பதால் இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். முகத்துவாரத்தை அகழ்ந்து திறக்கும் பணி அரசுத்துறைகளால் அவ்வப்போது நடைபெறுகிறது. வாய் திறந்து அலைநீர் உள்ளே ஏறும் நாட்களில்தான் ஆழமற்ற இடங்களில் வீச்சுவலைக்கும் தூண்டிலுக்கும் வேலை.